நிலா இல்லாத கிரகம்

ஸ்ரீ:

பல்லார்ஷா
14.2.2000

சௌ. ஸிந்துஜாவுக்கு அண்ணாவின் ஆசீர்வாதம். நான் இங்கே சௌக்கியம். அப்பாவின் முழங்கால், அம்மாவின் இருமல், சீனு மாமாவின் கோபம் மூன்றும் எப்படி இருக்கின்றன என்று எழுது.

இத்துடன் ஒரு சிடி வருகிறது. தபால்காரர் சைக்கிளிலிருந்து விசிறாமல் கையில் கொடுத்தால் உடையாமல் கிடைக்கும். என்னோடு குவார்ட்டர்ஸில் இருக்கும் கைலாசத்தைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். அரக்கோணத்துக்காரன், லோகோ ஷெட்டில் எலெக்ட்ரீஷியன். உதிரி சாமான்களை வாங்கி அவனே ஒரு கம்ப்யூட்டர் கட்டியிருக்கிறான். அவன் வாங்கும் கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த விளையாட்டின் நகல் இது. "அவுட்டர் டிரிஃப்ட்" என்று பெயர்.

ஒரு சின்ன விண்கலம், அதில் நீ ஒருத்தி. சண்டை கிடையாது, ஜெயிப்பது தோற்பது கிடையாது. ஒரு எண்ணைத் தட்டினால் அந்த எண்ணுக்குரிய கிரகத்தில் போய் இறங்கலாம். அந்தக் கிரகங்களை யாரும் உட்கார்ந்து வரையவில்லை. எண்ணை வைத்துக் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு மலையையும் கடலையும் உண்டாக்குகிறது. கோடிக்கணக்கான கிரகங்கள். ஆனால் ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே கிரகம், ஒரே வேளை. இங்கே நான் நிற்கும் பாறைமேல் அங்கே நீயும் நிற்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்கத்தான் முடியாது.

பத்திரிகையின் வாசகர் பக்கத்தில் கிழி கிழி என்று கிழித்திருக்கிறார்கள். புனேயிலிருந்து ஒருவர், "ஒரு பாறையைப் பார்த்தவன் எல்லாப் பாறையையும் பார்த்தவன்" என்று எழுதியிருக்கிறார். கட்டாக்கிலிருந்து ஒருவர் தூக்க மாத்திரைக்குப் பதிலாக இதைச் சிபாரிசு செய்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் அசிஸ்டெண்ட் டிரைவர். தினமும் அதே தண்டவாளம், அதே நிலக்கரி வண்டி. ஒவ்வொரு சிக்னலையும் டிரைவர் சபாபதி சாரும் நானும் தனித்தனியாகப் பார்த்து, ஒருவர் விடாமல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் "கிரீன்" என்பார், நான் "கிரீன்" என்பேன். நாள் முழுதும் இதுதான் பேச்சு. திரும்பத் திரும்ப வருவது எனக்குப் பழகிப்போன சங்கதி.

40817 என்று தட்டிப் பார். உச்சி வெயிலில் வெள்ளைவெளேர் என்று ஒரு உப்புச் சமவெளி. அங்கே நிற்கும்போது உலகத்தில் யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று இருக்கிறது.

அன்புடன்,
ஸுதர்சன்


சின்ன காஞ்சிபுரம்
6.3.2000

அன்புள்ள அண்ணாவுக்கு ஸிந்துஜாவின் நமஸ்காரங்கள். அப்பாவின் முழங்கால் வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருக்கிறது. அம்மாவின் இருமல் போய்விட்டது. மாமாவின் கோபம் திவ்யமாக இருக்கிறது. நீ சாப்பிடுவது என்ன என்று ஒரு வரி எழுதினால் அம்மா என்னைக் கேட்பதை நிறுத்துவாள்.

சிடி வந்தது. என் ஓட்டு புனேக்காரருக்கு. நான் நாளெல்லாம் டிசைன் சென்டரில் கிராஃப் தாளை முறைத்துக்கொண்டு உட்காருபவள். புடவையில் ஒரு புட்டா எங்கே முடிந்து எங்கே மறுபடி தொடங்குகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. என் கண்ணிலேயே உன் கம்ப்யூட்டர் மண் தூவப் பார்க்கிறது. உன் உப்புச் சமவெளியில் இடது பக்கக் குன்றைத் திருப்பிப் போட்டால் வலது பக்கக் குன்று. எங்கள் சென்டரில் டிசைன் போடும் குமாரவேல்கூட இதைவிடச் சாமர்த்தியமாக ஏமாற்றுவார்.

ஆனாலும் ஒன்று நடந்தது. நான் வீட்டுக் கம்ப்யூட்டரில் இதைப் போட்டுக்கொண்டிருந்தபோது சீனு மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்னடி சத்தத்தையே காணும், என்ன தெரியறது சொல்லு" என்றார். உனக்கே தெரியும், கண் போன மனுஷருக்கு ஒன்றை விவரிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. "மலை" என்றால் "எவ்வளவு தூரத்தில்" என்பார். "தூரத்தில்" என்றால் "பெரியகோவிலுக்கு நடக்கிற தூரமா, ஊர் தாண்டிக் கூரத்துக்கு நடக்கிற தூரமா" என்பார். கோவில் கோஷ்டியில் நாலாயிரத்தையும் மனப்பாடமாகச் சொல்கிறவர், ஒரு கிரகத்தை மட்டும் சும்மா விடுவாரா? அவருக்குச் சொல்வதற்காகப் பார்க்க ஆரம்பித்தேன். அப்புறம் எனக்கே விட மனசில்லை.

77120 போ. நீ உச்சி வெயில் ஆசாமி, இது அந்தி. ஆகாயம் பழுத்த நாவல் நிறம். இரண்டு நிலா. ஒன்று நடுவில், பெரியது. மற்றது திரையின் வலது ஓரத்தில், சின்னது, வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிறது. தரையிலிருந்து மின்மினி மாதிரி பொட்டுப் பொட்டாக வெளிச்சம் எழும்பி மேலே போகிறது. மாமா அந்த மின்மினியை மட்டும் மூன்று தடவை சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
ஸிந்துஜா


பல்லார்ஷா
2.4.2000

சௌ. ஸிந்துஜாவுக்கு ஆசீர்வாதம். க்ஷேமம். மெஸ்ஸில் சப்பாத்தி, ஞாயிற்றுக்கிழமை கைலாசம் வைக்கிற ரசம். அம்மாவிடம் ரசத்தை மட்டும் சொல்.

உன் 77120க்குப் போனேன். ஒரு நிலா இருந்தது. சின்ன நிலாவையும் காணோம், மின்மினியையும் காணோம். மாமாவுக்குக் கதை சொல்லிச் சொல்லி உனக்கே அவிழ்த்துவிடுகிற பழக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. கீழ்ப்பாதி முழுக்கக் கறுப்பு. கைலாசத்தின் மானிட்டர் யாரோ பாங்கில் கழித்துக் கட்டியது, அது எவ்வளவுதான் காட்டும்?

அந்திக் கிரகங்கள் எல்லாம் எனக்கு ஒரே மாதிரிதான் இருக்கின்றன. பகல் கிரகங்கள் அப்படி இல்லை. நேற்று ஒன்றில் இறங்கினேன். மஞ்சள் கடல், அலை இல்லை. கரையோரமாக நடந்துகொண்டே இருந்தேன். கடலும் கூடவே வந்தது. கைலாசம் பார்த்துவிட்டு, "இன்னாபா, டியூட்டியிலயும் நேராப் போற, இதுலயும் நேராவே போய்க்கினு இருக்க. கொஞ்சம் பக்கத்துல திரும்பிப் பாரேன்" என்றான். பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது? எதிரே இருப்பதே போதும் என்று இருக்கிறது.

அன்புடன்,
ஸுதர்சன்


சின்ன காஞ்சிபுரம்
28.4.2000

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரங்கள். எல்லோரும் சௌக்கியம். ரசத்தைச் சொன்னேன். "பெருங்காயம் போடுகிறானா" என்று கேட்கச் சொன்னாள்.

நான் ஒன்றையும் அவிழ்த்துவிடவில்லை. திரும்பப் போய்ப் பார்த்தேன். சின்ன நிலா அதே இடத்தில் இருக்கிறது. ஒரே எண், ஒரே கிரகம் என்று சத்தியம் பண்ணியது நீ. கணக்கு ஒன்றாக இருந்தால் விடை எப்படி இரண்டாகும்? குமாரவேலிடம் கேட்டேன். எங்கள் சென்டரில் மானிட்டருக்கு வைத்தியம் பார்ப்பதும் அவர்தான். "அண்ணன் பொட்டியில லைட்டு கம்மியா வெச்சிருக்குது. முன்னாடி அடியில ஒரு திருகு இருக்குதுமா, அத்தத் திருவிக்கினே பாக்கச் சொல்லு. இருக்கிற நிலா எங்க பூடும்?" என்றார். திருகிப் பார்த்து எழுது.

வைகாசியில் கருட சேவைக்கு வருகிறாயா? போன வருஷமும் வரவில்லை. விடியற்காலையில் கோபுர வாசலில் குடை தெரிந்ததும் கூட்டம் மொத்தமும் ஒரே மூச்சில் கையைத் தூக்குமே, அப்போது அம்மா உன்னைத்தான் தேடுகிறாள். இருட்டோடு கிளம்ப வேண்டும் என்று சோம்பல்படாதே. மாமாவே கிளம்புகிறார்.

இந்த விளையாட்டைப் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் மாறியிருக்கிறது. திரும்பத் திரும்ப வருகிறதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் புட்டா ஒன்றே ஆனாலும் கட்டிக்கொள்கிறவள் நடக்கும்போது புடவை ஒவ்வொரு அடிக்கும் வேறாகத் தெரிகிறது. பத்திரிகைக்கு எழுதலாமா என்று பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஸிந்துஜா


பல்லார்ஷா
25.6.2000

சௌ. ஸிந்துஜாவுக்கு ஆசீர்வாதம். எல்லோருடைய க்ஷேமத்துக்கும் எழுதவும்.

லீவு கிடைக்கவில்லை. கேட்கவும் இல்லை என்று வைத்துக்கொள். இருட்டில் அந்தக் கூட்டத்தில் இடிபட எனக்குத் தெம்பு இல்லை.

திருகைக் கடைசிவரை திருகியாகிவிட்டது. ஒரு நிலாதான். மின்மினி கிடையாது. இதைப் பற்றி இனிமேல் பேச வேண்டாம். சொல்லப்போனால் விளையாட்டே எனக்குச் சலித்துவிட்டது. எந்த எண்ணைத் தட்டினாலும் நடுவில் கொஞ்சம் வெளிச்சம், சுற்றிலும் ஒன்றுமில்லை. புனேக்காரர் சொன்னது சரி.

காலில் சின்ன அடி. பிளாட்பாரத்தில் சாமான் வண்டியை யாரோ குறுக்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறான், போய் இடித்துக்கொண்டேன். இங்கே விளக்குகளும் மட்டம். வேலை ஒன்றும் கஷ்டமில்லை. சபாபதி சார் தங்கமான மனுஷர். வளைவுகளில் சிக்னல் எந்தப் பக்கம் நிற்கிறது என்று நான் தேடுவதற்குள் அவரே சொல்லிவிடுகிறார். நான் திருப்பிச் சொன்னால் போதும்.

அன்புடன்,
ஸுதர்சன்


சின்ன காஞ்சிபுரம்
10.7.2000

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரங்கள். இங்கே எல்லோரும் க்ஷேமம். நீ க்ஷேமமா என்பதை இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

உன் கடிதங்களை மாமாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டுகிறேன் என்று உனக்குத் தெரியும். வழக்கமாக நடுவில் நாலு தடவை குறுக்கிட்டு உன்னை வைவார். இந்தக் கடிதத்தை முழுதும் வாசிக்க விட்டார். முடித்ததும், "சாமான் வண்டியில இடிச்சுண்டது எங்கே இருக்கு, அதைத் திருப்பிப் படி" என்றார். படித்தேன். "வளைவு, அதையும் படி" என்றார். அதையும் படித்தேன். அப்புறம் கேட்டார்: "அவன் பார்க்கிறதும் நீ பார்க்கிறதும் அட்சரம் பிசகாம ஒண்ணுதானேடி?" ஆமாம் என்றேன். "அப்போ மானிட்டர் இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் அவரே வந்து சொன்னார். கோவிலில் விளக்குக்கு எண்ணெய் சரியாக விடுவதில்லை என்று இரண்டு வருஷம் மடப்பள்ளிக்காரரிடம் சண்டை போட்டாராம். தெருவில் கல்லைப் போட்டது யார் என்று அக்கம்பக்கத்தில் சத்தம் போட்டாராம். முதலில் அந்தி மங்கியதாம். அப்புறம் ஓரங்கள் போயினவாம். நேரே இருப்பது மட்டும் கடைசிவரை நன்றாகத் தெரிந்ததாம், அதனால் தனக்கு ஒன்றும் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தாராம். அம்மாவின் அண்ணாவுக்கு வந்தது அம்மாவின் பிள்ளைக்கு வரலாம் என்று டாக்டர் அப்போதே சொல்லியிருக்கிறார். பெரியவர்கள் நம்மிடம் சொல்லவில்லை.

அண்ணா, எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்கு அந்தியில் கண் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் நீ ஏன் இன்னும் ரயிலில் நிற்கிறாய்? உனக்குப் பின்னால் இழுபடுவது நிலக்கரி, சரி. எதிரே வருகிற வண்டியில் மனுஷர்கள் இருப்பார்கள். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. உடனே பதில் போடு.

ஸிந்துஜா


பல்லார்ஷா
28.8.2000

சௌ. ஸிந்துஜாவுக்கு. நலம்.

தாமதமாக எழுதுகிறேன். வேலை. எட்டு வருஷமாக நான் ஆசைப்பட்டு வாங்கிய வேலை இது, நீ ஒரு கடிதத்தில் கேள்வி கேட்டுப் பறித்துவிடலாம் என்று நினைக்காதே. போன தடவை மெடிக்கலில் எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை வாசித்தேன். மாமாவுக்கு வந்ததெல்லாம் எனக்கு வர வேண்டும் என்று சட்டமா? அவருக்குக் கோபமும்தான் வருகிறது, எனக்கு வரவில்லை.

கைலாசம் புது மானிட்டர் வாங்கிவிட்டான். உன் 77120ஐ மறுபடி பார்த்தேன். இரண்டு நிலாவும் இருக்கின்றன. நீ சொன்ன இடத்திலேயே, வலது ஓரத்தில். மின்மினியும் எழும்புகிறது. ரொம்ப அழகு. போதுமா? மாமாவிடமும் சொல்லிவிடு. அம்மாவிடம் இந்தப் பேச்சையே எடுக்காதே.

ஸுதர்சன்


சின்ன காஞ்சிபுரம்
5.9.2000

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரங்கள். எல்லோரும் சௌக்கியம். அப்பா புது செருப்பு வாங்கியிருக்கிறார், முழங்காலுக்கு அதுதான் மருந்து என்று நம்புகிறார்.

புது மானிட்டர் வந்தது பற்றிச் சந்தோஷம். மாமாவிடம் சொன்னேன். "அப்படியா, ரொம்ப நல்லது" என்றார். அவர் இவ்வளவு சாதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

அவருக்கு ஒரு ஆசை. அவரே ஒரு எண் சொல்லி, என்னை அங்கே கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். 53106. போய் வந்தோம். "ஸுதர்சனையும் போய் நிற்கச் சொல்லு, என்ன சேவிச்சான்னு விவரமா எழுதச் சொல்லு" என்கிறார். என் வாயால் கேட்டுச் சலித்துவிட்டதாம், உன் வாயால் கேட்க வேண்டுமாம். இது ஒன்றை மட்டும் செய். அப்புறம் கண்ணைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஸிந்துஜா


பல்லார்ஷா
22.9.2000

சௌ. ஸிந்துஜாவுக்கு அண்ணாவின் மனமார்ந்த ஆசீர்வாதம். நான் பரம சௌக்கியம். கைலாசம் ஒரு வாரமாக ஊரில் இல்லை, ரசம் நானே வைத்தேன். பெருங்காயம் போட்டேன் என்று அம்மாவிடம் சொல்.

மாமாவின் கிரகத்துக்குப் போய் வந்தேன். நல்ல ரசனை அவருக்கு. அந்தி முடிகிற வேளை. ஆகாயம் நாவல் நிறம், அடிவானத்தில் மட்டும் ஒரு கீற்றுச் சிவப்பு. நடுவில் பெரிய நிலா. சின்னது வலது ஓரத்தில், மலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறது. தரையில் வளைந்து வளைந்து ஒரு ஆறு, அதில் இரண்டு நிலாவும் விழுந்து கிடக்கின்றன. திருமுக்கூடலில் சின்ன வயசில் அப்பாவோடு ஆற்று மணலில் உட்கார்ந்திருந்தோமே, அந்த மாதிரி ஒரு அமைதி. மின்மினிகள் ஆற்றங்கரையிலிருந்து எழும்பிக்கொண்டே இருந்தன. மாமாவிடம் இதையெல்லாம் நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டு. எனக்கு மறுபடி இந்த விளையாட்டின்மேல் ஆசை வந்துவிட்டது.

அன்புடன்,
ஸுதர்சன்


சின்ன காஞ்சிபுரம்
30.9.2000

அண்ணா,

அங்கே ஒன்றுமே இல்லை.

53106 மேகம் மூடிய கிரகம். நிலா கிடையாது, நட்சத்திரம் கிடையாது. திரை முழுக்கக் கறுப்பு. நான் பார்த்தாலும் கறுப்பு, குமாரவேல் பார்த்தாலும் கறுப்பு. மாமா வாய்க்கு வந்த எண்களைச் சொல்லிக்கொண்டே இருந்தார், ஒவ்வொன்றுக்கும் என்ன தெரிகிறது என்று கேட்டார், "ஒன்றும் தெரியவில்லை" என்று நான் சொன்ன முதல் எண்ணில் நிறுத்தினார். "இதை அவனுக்கு எழுது" என்றார். ஏன் என்று உடனே புரியவில்லை, உனக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

உன் கடிதத்தை நீ சொன்னபடியே நிறுத்தி நிதானமாக வாசித்தேன். ஆறு வந்ததும் மாமா அழுதுவிட்டார். அப்புறம் இதைச் சொன்னார். அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம். ஒரு சாயங்காலம் பெருமாள் சந்நிதியில் நின்றுகொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம், "இன்னிக்குச் சாத்துப்படி எவ்வளவு அழகு பார்த்தேளா, பச்சைக்கல் பதக்கமும் மல்லிகை மாலையுமா" என்றாராம். பார்த்துப் பார்த்து மனப்பாடமான பெருமாள்தானே, என்ன சாத்தியிருப்பார்கள் என்று ஒரு ஊகம். அந்த மனுஷர் மெல்லச் சொன்னாராம்: "ஸ்வாமி, இன்னும் திரை திறக்கலையே."

"அன்னிக்கு அவர் சொல்லலைன்னா நான் இன்னும் எத்தனை நாள் அப்படியே சேவிச்சிண்டிருப்பேனோ. இவனுக்கு யாராவது சொல்லணும்" என்கிறார் மாமா.

சொல்லிவிட்டேன். உன்னைப் பொறி வைத்துப் பிடித்ததற்கு நான் வருத்தப்படவில்லை. நீ உயிரோடு இருக்க வேண்டும், உன்னால் யாரும் சாகக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. வீட்டுக்கு வா.

ஸிந்து


ஸ்ரீ:

பல்லார்ஷா
3.12.2000

சௌ. ஸிந்துவுக்கு அண்ணாவின் ஆசீர்வாதம். அப்பா, அம்மா, மாமா எல்லோருக்கும் என் தண்டவத் நமஸ்காரத்தைச் சொல். எழுத்து பெரிதாக இருக்கிறது என்று பயப்படாதே. கைலாசம் ஸ்கெட்ச் பேனா வாங்கித் தந்தான், இதில் எழுதுவது சுகமாக இருக்கிறது.

இரண்டு மாதமாக நீ எப்படித் துடித்திருப்பாய் என்று தெரியும். உன் கடிதம் கிடைத்த அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் சிடியை உடைக்கப் போனேன். 53106க்குப் போன அன்று கைலாசம் ஊரில் இருந்திருந்தால் அவனைப் பார்க்கச் சொல்லிக் கேட்டு எழுதியிருப்பேன், உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. அதையும் சொல்லிவிடுகிறேன். புது மானிட்டர் என்று ஒன்று வரவே இல்லை.

நாலு நாள் கழித்து டியூட்டி. பொழுது சாயும் நேரம், ஒரு வளைவு. நான் வழக்கம்போல் வாயைத் தயாராக வைத்துக்கொண்டு சபாபதி சார் குரலுக்குக் காத்திருந்தேன். அவர் பேசவில்லை. எனக்கு எதிரே ஒரே மங்கல், அதற்குள் எங்கேயோ ஒரு சிக்னல் இருக்கிறது. எப்போதும் அங்கே கிரீன்தான் கிடைக்கும். நாக்கு நுனிவரை "கிரீன்" வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன் ஸிந்து, அந்த நேரம் எனக்கு ஆறும் மின்மினியும் ஞாபகம் வந்தன.

"இன்னா ஸுதர்சன், வாயத் தொறந்துக்கினே நிக்கிற. சிக்னல் இன்னா?" என்றார் சார்.

"தெரியலை சார்" என்றேன்.

அது ரெட். அவர் ஏற்கெனவே பிரேக்கைப் போட்டிருந்தார். வண்டி நின்றது. அவர் என்னைத் திட்டவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு, "எவ்ளோ மாசமா?" என்று மட்டும் கேட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும் என்றேன். அவ்வளவு காலமும் அவர் இரண்டு பேர் பாரத்தைச் சுமந்திருக்கிறார், ஒருவர் பார்வையில் ஓடிய வண்டி அது. திருப்பிச் சொல்வதற்கு என்னை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஒரு கிளி போதும்.

அடுத்த நாளே நானாகப் போய் ஆபீசில் சொல்லிவிட்டேன். நாக்பூரில் டாக்டர் பார்த்தார். மாமாவுக்கு வந்ததேதான். மருந்து இல்லை. மெல்லத்தான் போகுமாம், நேர்ப் பார்வை பல வருஷம் நிற்கலாமாம். ரயிலில் இனி ஏற முடியாது. லோகோ ஷெட் ஆபீசில் பகல் வேலை கொடுத்திருக்கிறார்கள். இஞ்சின்கள் கிளம்புகிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்கிறது. முதல் வாரம் அழுதேன். இப்போது சத்தத்தை வைத்தே எந்த இஞ்சின் என்று சொல்கிறேன். தை பிறந்ததும் லீவு. அம்மாவிடம் நானே வந்து சொல்கிறேன். எழுபத்தொன்பதில் அப்பா தோளில் உட்கார்ந்து அத்தி வரதரைச் சேவித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அடுத்தது நாற்பது வருஷம் கழித்து, 2019இல். அது தெரிகிறதோ இல்லையோ, அன்றைக்குச் சேவித்தது கண்ணுக்குள் அப்படியே இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

ஒன்று சொல்லி முடிக்கிறேன். 53106க்கு நான் முதலில் போனபோது எனக்குக் கறுப்பாகத்தான் தெரிந்தது. என் கண்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துப் பார். எத்தனையோ அந்திக் கிரகங்களில் நான் உள்ளதை உள்ளபடி பார்த்தது அது ஒன்றைத்தான். அதில் போய் ஆற்றை விட்டேன், நிலாவை மாட்டினேன்.

நேற்று சாயங்காலம் கைலாசத்தை உட்கார வைத்துக்கொண்டு மறுபடி அங்கே இறங்கினேன். "இன்னாபா தெரியுது?" என்று அவனைக் கேட்டேன். "ஒண்ணியும் இல்லபா" என்றான். எனக்கும் ஒன்றும் இல்லை. நீ நின்றாலும் ஒன்றும் இல்லை, மாமா நின்றாலும் ஒன்றும் இல்லை. அங்கே மட்டும் நாம் எல்லோரும் ஒரே மாதிரி பார்க்கிறோம். வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். புனேக்காரர் வந்தால் அவரும் உட்காரலாம், அவருக்கும் ஒரு குறையும் தோன்றாது. அந்த விளையாட்டில் நாம் விரும்பிய பெயரைக் கிரகத்துக்கு வைக்கலாம். "சீனு மாமா" என்று வைத்தேன்.

தையில் நான் வந்ததும் 77120ஐப் போடு. மாமா ஒரு பக்கம் உட்காரட்டும், நான் ஒரு பக்கம். அந்தச் சின்ன நிலா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, பெரியகோவிலுக்கு நடக்கிற தூரமா, கூரத்துக்கு நடக்கிற தூரமா, எனக்கும் சொல்.

உன் அண்ணா